அமெரிக்காவில் மாகாண ஆட்சியும் ஊர் ஆட்சியும்

(ஒரு பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் விஷயம், அமெரிக்க ஐக்கிய நாட்டில் மாகாண ஆட்சியும் ஊர் ஆட்சியும் எவ்விதம் நடைபெறுகின்றன என்பதாகும். நான் காலேஜில் படித்தவனல்ல. அந்த நாட்டுக்குப் போய் வந்தவனுமல்ல. கிடைத்த புத்தகங்களையும், சர்க்கார் கணக்குகளையும், கோர்ட்டுத் தீர்ப்புகளையும் படித்து என் அறிவுக்கு எட்டியதைச் சொல்லுகின்றேன். நான் சொல்லுகின்றேன் என்பதற்காக ஒன்றையும் நம்பிவிட வேண்டாம். கேட்டு, உங்கள் சொந்த அறிவைக்கொண்டு ஆராய்ந்து, சரியென்று பட்டால் மாத்திரம் ஏற்றுக்கொள்ளுங்கள்.

அமெரிக்கா என்றவுடனே நம்மில் பலருக்கு வாஷிங்டன் நகரமும், வெள்ளை மாளிகையும், அதில் குடியிருக்கும் பிரசிடெண்டும்தான் ஞாபகத்துக்கு வரும். பிரசிடெண்டு நினைத்தால் அந்த நாட்டில் எதையும் செய்துவிடலாம் என்றுகூட எண்ணிக்கொண்டிருக்கிறோம். ஆனால் அங்குள்ள ஒரு குடியானவனுக்கோ கூலிக்காரனுக்கோ தினந்தோறும் சம்பந்தப்பட்டவை எவை? வீட்டுக்கு முன்னால் உள்ள ரோடு, குடிக்கும் தண்ணீர், பிள்ளை போகும் பள்ளிக்கூடம், திருட்டுப் போனால் வரும் போலீசு, கல்யாணச் சட்டம், விவாகரத்துச் சட்டம், வீட்டு வரி ஆகிய இவைகள்தான். இவைகளில் பெரும்பாலானவற்றுக்குப் பிரசிடெண்டு பொறுப்பாளியல்ல. மாகாண சர்க்காரும் ஊர் சர்க்காருமே பொறுப்பாளிகள்.

மாகாணங்கள்

“ஸ்டேட்” என்று அவர்கள் சொல்லுவதை நான் மாகாணம் என்று சொல்லுகிறேன். மாகாணம் என்றவுடன், மேலே ஒரு பெரிய சர்க்கார் இருந்து, அது தன் சௌகரியத்திற்காக வெட்டிப் பிரித்துக்கொண்ட துண்டு என்று எண்ணிவிடக் கூடாது. அங்கே முதலில் இருந்தவை மாகாணங்கள். பிறகு வந்ததுதான் மத்திய சர்க்கார். 1776-ல் இங்கிலீஷ்காரன் ஆட்சி வேண்டாமென்று சொன்ன 13 குடியேற்ற நாடுகளும் தனித்தனி ராஜ்யங்களாகவே தங்களைக் கருதிக்கொண்டன. 1787-ல் கூடி ஓர் அரசியல் சட்டம் எழுதி, சில காரியங்களை மாத்திரம் மத்திய சர்க்காருக்குக் கொடுத்தன. 1791-ல் சேர்க்கப்பட்ட பத்தாவது திருத்தம், மத்திய சர்க்காருக்குக் கொடுக்கப்படாததும் மாகாணங்களுக்கு மறுக்கப்படாததுமான அதிகாரமெல்லாம் மாகாணங்களுக்கோ ஜனங்களுக்கோ உரியது என்று கூறிவிட்டது. இப்பொழுது மாகாணங்கள் 50. கடைசியாகச் சேர்ந்த அலாஸ்காவும் ஹவாயும் 1959-ல் சேர்ந்தவை.

ஒவ்வொரு மாகாணத்துக்கும் தனியே ஓர் அரசியல் சட்டம் உண்டு. மாஸசூஸெட்ஸ் மாகாணத்தின் சட்டம் 1780-ல் ஏற்பட்டது. அதாவது மத்திய சர்க்காரின் சட்டத்தை விட மூத்தது. கவர்னரை ஜனங்களே ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். பிரசிடெண்டு ஒரு கவர்னரை நியமிக்கவும் முடியாது. வேலையிலிருந்து தள்ளவும் முடியாது. அதுமாத்திரமல்ல, பெரும்பாலான மாகாணங்களில் சர்க்காரின் தலைமை வக்கீலையும் ஜனங்கள் தனியாகவே தேர்ந்தெடுக்கிறார்கள். பொக்கிஷ அதிகாரி முதலியவர்களையும் பல மாகாணங்களில் அப்படியே தேர்ந்தெடுக்கிறார்கள். ஆகையால் கவர்னர் ஒரு கட்சியாகவும், தலைமை வக்கீல் எதிர்க்கட்சியாகவும் இருந்து, ஒருவர் கணக்கை மற்றொருவர் கிளறிக்கொண்டிருப்பதும் உண்டு. பல மாகாணங்களில் ஜட்ஜுகளும்கூட ஓட்டுக்கு நிற்க வேண்டியவர்களே. இதில் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. ஓட்டுக்கு நிற்கிற ஜட்ஜு ஜனங்களுக்குப் பயப்படுவான். அதே சமயத்தில் தேர்தல் செலவுக்குப் பணம் கொடுத்தவனுக்கும் பயப்படுவான் அல்லவா?

சட்டசபைகளும் ஒரே மாதிரி இல்லை. 49 மாகாணங்களில் இரண்டு சபைகள். நெப்ராஸ்கா மாகாணத்தார் மாத்திரம், “ஒரே வேலைக்கு இரண்டு சபை எதற்கு? வீண் செலவு” என்று முடிவு செய்து, 1937 முதல் ஒரே சபையோடு நடத்திவருகிறார்கள். குடி முழுகிப் போய்விடவில்லை. நியூ ஹாம்ப்ஷயர் என்கிற சின்ன மாகாணத்தில் ஜனத்தொகை சுமார் 14 லட்சம். ஆனால் கீழ்ச்சபைக்கு 400 அங்கத்தினர்கள்! அவர்களுக்குச் சம்பளம் வருஷத்துக்கு 100 டாலர். 1889-ல் ஏற்பட்ட இந்தச் சம்பளம் இன்றுவரை ஏறவில்லை.

இப்படி 50 மாகாணங்களும் 50 விதமாக இருப்பது குழப்பமல்லவா என்று கேட்கலாம். குழப்பம்தான். ஆனால் ஒரு லாபமும் இருக்கிறது. ஒரு மாகாணம் புதிதாக ஒன்றைத் துணிந்து செய்து பார்க்கலாம். கெட்டால் நஷ்டம் அந்த மாகாணத்தோடு போய்விடும். நல்லதானால் மற்றவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். வயோமிங் என்கிற பிரதேசம் 1869-லேயே பெண்களுக்கு ஓட்டுரிமை கொடுத்தது. பெண்கள் ஓட்டுப் போட்டதால் அங்கே அடுப்பும் அணைந்துவிடவில்லை, குடும்பமும் கலைந்துவிடவில்லை. நாடு முழுவதற்கும் சட்டம் வருவதற்கு 1920 வரையில், அதாவது 51 வருஷம் பிடித்தது. அதுபோலவே வேலையிழந்த தொழிலாளிக்கு உதவிப் பணம் கொடுக்கும் சட்டத்தை விஸ்கான்ஸின் மாகாணம் 1932-ல் செய்தது. மத்திய சர்க்கார் 1935-ல் பின்பற்றியது.

ஊர் சர்க்கார்கள்

நிற்க, இனி மாகாணத்துக்குக் கீழே வருவோம். 2022-ல் எடுத்த சர்க்கார் கணக்குப்படி அந்த நாட்டில் ஊர் சர்க்கார்கள் மொத்தம் 90,837. இவற்றில் கவுண்டிகள் 3,031, நகரங்கள் 19,491, டவுன்ஷிப்புகள் 16,214, தனிப் பள்ளிக்கூட வட்டாரங்கள் 12,546, தண்ணீர், நெருப்பணைப்பு, வடிகால் முதலியவற்றில் பெரும்பாலும் ஒரே வேலைக்கென்று ஏற்பட்ட தனி வட்டாரங்கள் 39,555.

கவுண்டி என்றால் யாரோ ஒரு ஜாதிப் பெயர் என்று நினைத்துவிடாதீர்கள். (சிரிப்பு) நமது ஜில்லா போன்ற ஒரு பிரிவுக்கு அங்கே அதுதான் பெயர். ஆனால் மேலே இருந்து அனுப்பப்பட்ட கலெக்டர் அங்கே கிடையாது. பெரும்பாலான இடங்களில் கவுண்டி சபையும், போலீசுத் தலைவனான ஷெரீப்பும், கணக்கரும், வரி மதிப்பிடுகிறவரும் அந்த ஊர் ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே. அளவில் மாத்திரம் ஒன்றுக்கொன்று பொருத்தமே இல்லை. 2020 ஜனக் கணக்குப்படி லாஸ் ஏஞ்சல்ஸ் கவுண்டியில் ஒரு கோடிப் பேர். டெக்ஸாஸ் மாகாணத்து லவிங் கவுண்டியில் 64 பேர். இரண்டுக்கும் பெயர் கவுண்டிதான்.

வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியில் “டவுன் மீட்டிங்” என்று ஒரு வழக்கம் உண்டு. வருஷத்துக்கு ஒருமுறை ஊரில் ஓட்டுரிமையுள்ள எல்லோரும் ஓரிடத்தில் கூடுவார்கள். வெர்மான்ட் மாகாணத்தில் இது மார்ச்சு மாதம் முதல் செவ்வாய்க்கிழமையில் நடக்கிறது. என்னென்ன விஷயம் பேசப்போகிறார்கள் என்பதை முன்கூட்டியே எழுதி ஒட்டிவிட வேண்டும். அதில் இல்லாத விஷயத்தைத் திடீரென்று கொண்டுவந்து தீர்மானம் செய்துவிட முடியாது. ரோடு போட எவ்வளவு, பனியைத் தள்ள எவ்வளவு, நெருப்பணைக்கும் வண்டி வாங்கலாமா வேண்டாமா என்று ஒவ்வொரு தொகையையும் பேசி, எதிர்த்து, கை தூக்கி முடிவு செய்கிறார்கள். பணம் கொடுப்பவனுக்குக் கணக்குக் கேட்க உரிமை உண்டு என்பதை இதை விடத் தெளிவாகக் காட்ட முடியாது.

ஆனால் இந்த ஊர் சர்க்கார்கள் சுயேச்சையானவை என்று மயங்கிவிடாதீர்கள். மத்திய சர்க்கார் மாகாணத்தை அழிக்க முடியாது. மாகாணமோ தன் நகரத்தை அழிக்கலாம். 1907-ல் பென்ஸில்வேனியா மாகாணம் அலெகனி என்ற நகரத்தைப் பக்கத்து நகரமான பிட்ஸ்பர்க்கோடு சேர்த்தது. அலெகனி ஜனங்களில் பெரும்பான்மையோர் வேண்டாமென்று ஓட்டுப் போட்டிருந்தார்கள். இரண்டு நகர ஓட்டுகளையும் ஒன்றாக எண்ணி இணைத்துவிட்டார்கள். சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போனார்கள். “நகரம் என்பது மாகாணம் உண்டாக்கியது, உண்டாக்கினவனுக்குக் கலைக்கவும் உரிமை உண்டு” என்கிற கருத்துப்படவே அங்கே தீர்ப்பாயிற்று. இந்தத் தொந்தரவுக்கு மாற்றாகத்தான், நகரத்தார் தங்கள் சட்டத்தைத் தாங்களே எழுதிக்கொள்ளும் உரிமையைப் பல மாகாணங்கள் அரசியல் சட்டத்திலேயே எழுதிக் கொடுத்தன. மிசௌரி மாகாணம் 1875-ல் இதற்கு வழிகாட்டியது.

கொள்ளையும் பரிகாரமும்

ஓட்டு இருந்துவிட்டால் யோக்கியமான ஆட்சி தானே வந்துவிடும் என்று சிலர் சொல்லுகிறார்கள். நியூயார்க் நகரத்தின் கதையைக் கேளுங்கள். ட்வீட் என்கிற ஒரு கட்சித் தலைவன் இருந்தான். ஏழைகளுக்கு வேலையும் கரியும் கொடுத்து ஓட்டு வாங்குவது. அந்த ஓட்டைக்கொண்டு நகரப் பொக்கிஷத்தைத் திறப்பது. இதுதான் அவன் தொழில். ஒரு கோர்ட்டுக் கட்டடத்துக்கு முதலில் இரண்டரை லட்சம் டாலர் என்று மதிப்புப் போட்டு, முடிவில் ஒரு கோடி டாலருக்கு மேல் செலவெழுதினார்கள். 1871-ல் ஒரு பத்திரிகை நகரக் கணக்கையே அச்சிட்டு வெளியிட்டது. நாஸ்ட் என்கிற சித்திரக்காரர் படம் போட்டு, படிக்கத் தெரியாதவனுக்கும் விளங்கும்படி செய்தார். ட்வீட் பிடிபட்டு, 1878-ல் ஜெயிலிலேயே செத்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது என்னவென்றால், அமெரிக்கர்கள் “நம் தலைவிதி” என்று உட்கார்ந்துவிடவில்லை. இயந்திரம் கெட்டால் பிரித்துப் பார்த்து மாற்றுவது போல ஆட்சியையும் மாற்றினார்கள். சர்க்கார் வேலைகளுக்குப் பரீட்சை வைக்கும் சட்டத்தை நியூயார்க் மாகாணம் 1883-ல் செய்தது. 1908-ல் வர்ஜீனியா மாகாணத்து ஸ்டான்டன் நகரம், தேர்ச்சி பெற்ற ஒருவரைச் சம்பளத்துக்கு வைத்து நகரக் காரியங்களைப் பார்க்கச் செய்தது. 1913-ல் வெள்ளத்தில் மூழ்கிய டேடன் நகரம் அடுத்த வருஷமே அந்த முறையை எடுத்துக்கொண்டது. கவுன்சில் கொள்கையைத் தீர்மானிக்கும். மேனேஜர் வேலையை நடத்துவார். சரியில்லையென்றால் கவுன்சில் அவரை அனுப்பிவிடும்.

அன்றியும், சட்டசபை செய்ய மறுக்கும் சட்டத்தைக் குறிப்பிட்ட அளவு கையெழுத்துச் சேர்த்து ஜனங்களே ஓட்டுக்குக் கொண்டுவரும் உரிமையை 1898-ல் தென் டகோட்டா மாகாணம் கொடுத்தது. தேர்ந்தெடுத்தவனைத் தவணைக்கு முன்னேயே திருப்பி அழைக்கும் உரிமையைப் பல மாகாணங்களிலும் நகரங்களிலும் பெற்றார்கள். கலிபோர்னியாவில் 2003-ல் கவர்னர் டேவிஸ் என்பவரை அப்படித்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதே மாகாணத்தில் 2021-ல் வேறொரு கவர்னரை அனுப்பப் பார்த்தபொழுது, ஜனங்கள் வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள். இரண்டு தடவையும் முடிவு செய்தது ஓட்டுச் சீட்டேயாகும்.

பள்ளிக்கூடமும் பணமும்

இனி, இந்த ஏற்பாட்டில் உள்ள பெரிய ஓட்டையைச் சொல்லுகிறேன். அங்கே பள்ளிக்கூடச் செலவில் ஒரு பெரிய பங்கு அந்தந்த வட்டாரத்து வீட்டு வரி, நில வரியிலிருந்து வருகிறது. கேட்பதற்கு நன்றாக இருக்கிறது; நம் பிள்ளைக்கு நம் வரி. ஆனால் பணக்காரன் ஒரு வட்டாரத்திலும் ஏழை ஒரு வட்டாரத்திலும் இருந்தால் என்ன ஆகும்?

டெக்ஸாஸ் மாகாணத்தில் ஸான் அன்டோனியோ என்கிற ஒரே நகரத்துக்குள் இரண்டு பள்ளி வட்டாரங்கள். எட்ஜ்வுட் என்பது மெக்ஸிகோ வம்சத்து ஏழைகள் வாழும் இடம். அலமோ ஹைட்ஸ் வசதியுள்ள வெள்ளைக்காரர் வாழும் இடம். 1967-68 வருஷக் கணக்கைப் பாருங்கள். எட்ஜ்வுட் ஏழைகள் 100 டாலர் சொத்து மதிப்புக்கு ஒரு டாலர் 5 சென்ட் வரி கொடுத்தார்கள். பிள்ளை ஒன்றுக்கு ஊர் வரியில் கிடைத்தது 26 டாலர். அலமோ ஹைட்ஸ்காரர்கள் கொடுத்த வரி 85 சென்டுதான். பிள்ளை ஒன்றுக்குக் கிடைத்ததோ 333 டாலர்! ஏழை அதிக விகிதத்தில் வரி கொடுத்தான். அவன் பிள்ளைக்குக் குறைவான படிப்பு. பணக்காரன் குறைந்த விகிதத்தில் கொடுத்தான். அவன் பிள்ளைக்கு உயர்ந்த படிப்பு.

ரோட்ரிகஸ் என்கிற தொழிலாளியும் மற்றப் பெற்றோர்களும் வழக்குப் போட்டார்கள். 1973-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஐந்து ஜட்ஜுகள், இது நாட்டின் அரசியல் சட்டத்துக்கு விரோதமல்ல என்றார்கள்; நான்கு பேர் விரோதம் என்றார்கள். ஒரே ஓட்டில் ஏழைகள் தோற்றார்கள். ஆனால் அத்தோடு விடவில்லை. மாகாண அரசியல் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மாகாணக் கோர்ட்டுக்குப் போனார்கள். 1989-ல் டெக்ஸாஸ் மாகாணத்துத் தலைமைக் கோர்ட்டு, இந்த முறை மாகாணச் சட்டத்துக்கு விரோதம் என்று ஏகமனதாகத் தீர்ப்புச் சொல்லிற்று. ஒரு கதவு அடைத்தால் இன்னொரு கதவைத் தட்டலாம் என்பது இந்த இரட்டை ஆட்சியில் உள்ள ஒரு வசதி.

கடவுளும் ஊர் ஆட்சியும்

மதக்காரர்களும் இந்த ஊர் சபைகளை விட்டுவைக்கவில்லை. பென்ஸில்வேனியாவில் டோவர் என்கிற சிற்றூரின் ஸ்கூல் போர்டார் 2004-ல், பரிணாம சாஸ்திரத்தில் ஓட்டைகள் இருக்கின்றன என்றும், ஓர் “அறிவுள்ள சிருஷ்டிகர்த்தா” இருக்கலாம் என்றும் பிள்ளைகளுக்குப் படித்துக்காட்ட வேண்டுமென்று தீர்மானித்தார்கள். அறிவியல் வாத்தியார்கள் படிக்க மறுத்துவிட்டார்கள். பெற்றோர்களில் சிலர் கோர்ட்டுக்குப் போனார்கள். தீர்ப்பு வருவதற்கு முன்பே 2005 நவம்பரில் தேர்தல் வந்தது. ஓட்டுக்கு நின்ற பழைய அங்கத்தினர் எட்டுப் பேரும் தோற்றார்கள். டிசம்பரில் கோர்ட்டும், இது விஞ்ஞானமல்ல, மதமே என்று தீர்ப்புச் சொல்லிற்று. வழக்குச் செலவுக்கென்று பத்து லட்சம் டாலர் கொடுக்க நேர்ந்தது யார்? ஊர்ப் பள்ளிக்கூடம்! சிருஷ்டிகர்த்தா ஒரு சென்டும் கொடுக்கவில்லை. (சிரிப்பு, கைதட்டல்)

மேரிலாந்து மாகாணச் சட்டத்தில், சர்க்கார் பதவிக்கு வருகிறவன் கடவுள் உண்டென்று ஒப்புக்கொள்ள வேண்டும் என்று இருந்தது. டார்காசோ என்பவர் அப்படிச் சொல்ல மாட்டேன் என்றார், பதவி மறுக்கப்பட்டது. 1961-ல் சுப்ரீம் கோர்ட்டு ஏகமனதாக அந்த நிபந்தனை செல்லாது என்று தள்ளியது.

ஓட்டில்லாதவனுக்கு ஊராட்சி ஏது?

கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமான சங்கதிக்கு வருகிறேன். “மேலிடம் தலையிடக் கூடாது, மாகாண உரிமை வேண்டும், ஊர்க் காரியத்தை ஊரார் பார்த்துக்கொள்வோம்” என்று அமெரிக்காவில் மிகவும் உரக்கக் கூவியவர்கள் யார் தெரியுமா? தெற்கு மாகாணங்களில் கறுப்பு மக்களை அடிமைகளாக வைத்திருந்தவர்களும், அடிமை முறை ஒழிந்த பிறகு அவர்களைத் தலைதூக்க விடாமல் அடித்தவர்களுமே.

1870-ல் நாட்டின் சட்டம், நிறத்தைக் காரணமாக வைத்து ஓட்டை மறுக்கக் கூடாது என்று கூறிவிட்டது. அதன்மேல் 1890-ல் மிஸிஸிப்பியும், 1901-ல் அலபாமாவும் புதிய மாகாணச் சட்டங்கள் எழுதின. நிறத்தைப்பற்றி வெளிப்படையாகச் சொல்லாமல், தலைவரி கட்ட வேண்டும் என்றும், சட்டத்தைப் படித்துப் பொருள் சொல்ல வேண்டும் என்றும் தந்திரமாக எழுதினார்கள். பொருள் சரியா தப்பா என்று முடிவு செய்பவன் யார்? கவுண்டியில் உள்ள வெள்ளைக்காரப் பதிவு அதிகாரி. படிப்பறிவில்லாத வெள்ளையன் தேறிவிடுவான். கறுப்புப் பள்ளி வாத்தியார் தவறிவிடுவார்.

அலபாமாவில் டல்லாஸ் கவுண்டி என்று ஒன்று. அதன் தலைநகர் செல்மா. அங்கே ஓட்டுப்போடும் வயதுள்ள கறுப்பு மக்கள் சுமார் 15,000 பேர் இருந்தும், 1965-ன் துவக்கத்தில் பதிவானவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் அளவே. பதிவு ஆபீசு மாதத்துக்கு இரண்டு நாள்தான் திறக்கும். பக்கத்து லௌண்டஸ் கவுண்டியில் ஜனத்தொகையில் நூற்றுக்கு எண்பது பேர் கறுப்பு மக்கள். அவ்வருஷத் துவக்கத்தில் அங்கே பதிவான கறுப்பு ஓட்டர் ஒருவர்கூட இல்லை! இதற்குப் பெயர் ஊராட்சியா? ஊர் சபை, ஊர் ஷெரீப், ஊர் ஜட்ஜு எல்லாம் இருந்தன. ஊர் ஜனங்கள்தான் அதில் இல்லை.

1965 மார்ச்சு 7-ந் தேதி சுமார் 600 பேர் ஓட்டுரிமை கேட்டு செல்மாவிலிருந்து நடந்து புறப்பட்டார்கள். மாகாணப் போலீசும், ஜிம் கிளார்க் என்கிற ஷெரீப்பின் ஆட்களும் பாலத்தில் மறித்துத் தடியாலும் கண்ணீர்ப் புகையாலும் அடித்தார்கள். நாடு முழுவதும் அதைப் பார்த்தது. ஆகஸ்டு 6-ந் தேதி ஓட்டுரிமைச் சட்டம் கையெழுத்தாயிற்று. மத்திய சர்க்கார் அதிகாரிகளே போய்ப் பெயர்களைப் பதிவு செய்தார்கள். அடுத்த வருஷம், 1966-ல், தடியெடுத்த அந்த ஷெரீப்பே ஓட்டுக்கு வந்து நின்றான். புதிதாக ஓட்டுப் பெற்றவர்கள் அவனை வீட்டுக்கு அனுப்பினார்கள். 1970-ல் லௌண்டஸ் கவுண்டியில் ஹ்யூலெட் என்கிற கறுப்புத் தோழரே ஷெரீப்பாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஐந்து வருஷங்களுக்கு முன் ஓட்டர் பட்டியலில் தன் இனத்தார் ஒருவர் பெயரும் இல்லாத ஊரில்! (கைதட்டல்)

அத்தோடு முடிந்துவிட்டதென்று எண்ணாதீர்கள். அந்தச் சட்டத்தின்படி, பழைய குற்றமுள்ள இடங்கள் ஓட்டு விதிகளை மாற்றுவதானால் முதலில் மத்திய சர்க்காரின் அனுமதி பெற வேண்டியிருந்தது. அதே அலபாமாவின் ஷெல்பி கவுண்டி இதை எதிர்த்து வழக்காடிற்று. 2013-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில், எந்தெந்த இடங்களுக்கு அந்த விதி என்று குறித்த பிரிவு செல்லாதென்று தீர்ப்பாயிற்று. பெற்ற உரிமையையும் காவல் காக்க வேண்டியிருக்கிறது.

தோழர்களே! இவைகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் என்ன விளங்குகிறது? ஆட்சி முறை என்பது ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல. மனிதன் செய்தது, மனிதன் கெடுத்தது, மனிதன் திருத்தியது. அதிகாரம் ஊருக்குப் பக்கத்தில் இருப்பதாலேயே நல்லதாகிவிடாது. தூரத்தில் இருப்பதாலேயே கெட்டதாகியும் விடாது. அந்த அதிகாரத்தைத் தேர்ந்தெடுப்பதில் கடைசி மனிதனுக்கும் பங்கு இருக்கிறதா? கணக்கு வெளியில் வருகிறதா? தவறினவனை இறக்க வழி இருக்கிறதா? ஊரார் அநியாயம் செய்தால் மேலே முறையிட இடம் இருக்கிறதா? இந்த நான்கு கேள்விகளைக்கொண்டே எந்த ஆட்சியையும் அளக்க வேண்டும்.

அமெரிக்கர்களும் இதில் சோம்பேறித்தனமில்லாதவர்களல்ல. பிரசிடெண்டு தேர்தலுக்குக் கூட்டமாகப் போகிறவர்கள், ஸ்கூல் போர்டுத் தேர்தலுக்கு வெகு சிலரே போகிறார்கள். அந்தச் சிலர் யாரோ அவர்களே ஊரை ஆளுகிறார்கள். டோவர் ஊரார் ஒருநாள் விழித்துக்கொண்டதனால் தங்கள் பள்ளிக்கூடத்தை மீட்டார்கள். செல்மா மக்கள் அடிபட்டு ஓட்டு வாங்கி, வாங்கிய ஓட்டை அடுத்த வருஷமே உபயோகித்தார்கள். அந்தப் பாலத்தில் அடிபட்டவர்கள் கேட்டது ஓர் ஓட்டுச் சீட்டு மாத்திரமே. அவ்வளவு விலை கொடுத்து வாங்கப்படும் ஒரு பொருளை, கையில் இருப்பவன் அலட்சியம் செய்யலாமா என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.